பழைய சிறிய எஸ்யூவியைக் குறைந்த செலவில் காட்டுப்பாதை பகியாக மாற்றுவது: எதை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது?

துருவண்டி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் முதல் தலைமுறை சுசூகி விட்டாரா ஒன்று இருக்கிறது. மூன்று கதவு, 1.6 லிட்டர் எட்டு வால்வு பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர், லோ கியருடன் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கூடுதல் கியர்) கூடிய நான்கு சக்கர ஓட்டம். எஞ்சினும் கியர்பாக்ஸும் குறை சொல்ல முடியாத நிலையில் இருக்கின்றன. ஆனால் கதவுகளின் அடிப்பகுதியும் பின்சக்கர வளைவுகளும் பின்கதவும் கை பட்டாலே உதிரும் அளவுக்குத் துருப்பிடித்துவிட்டன. உடலைச் சீரமைக்க ஆகும் செலவு வண்டியின் மதிப்பையே தாண்டிவிடும் என்பதால், துருப்பிடித்ததையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, தனியார் நிலத்தில் மட்டும் ஓட்டுவதற்கான ஒரு காட்டுப்பாதை பகியாக அதை மாற்றலாம் என்று எண்ணுகிறேன். (பகி என்றால் கூரையும் கதவும் இல்லாத, எடை குறைந்த திறந்த வண்டி. ‘பக்கி’ என்று எழுதினால் நம் மொழியில் வேறு பொருள் வந்துவிடும் என்பதால் ‘பகி’ என்றே எழுதுகிறேன்.)

என் திட்டம் இதுதான். முதலில் 31 அங்குல டயர்களும் அவை இடிக்காமல் இருக்க உயர்த்தும் பாகங்களும் வாங்குவது. அடுத்து கூரையையும் கதவுகளையும் வெட்டுவது. கடைசியாக, வீட்டில் மீந்து கிடக்கும் ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்க் குழாய்களைக் கொண்டு ஒரு ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் உள்ளிருப்பவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) செய்து பொருத்துவது. கையில் உள்ள பணத்தில் பெரும்பகுதி டயருக்கே போய்விடும். இந்த வரிசை சரிதானா? கூரையை வெட்டினால் வண்டி வளைந்துவிடுமா? தண்ணீர்க் குழாய் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் ஒளிவு மறைவின்றிச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அளவுகோல்:

வணக்கம் நண்பரே. உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற அனைத்தும் அதையே சார்ந்திருக்கின்றன. உங்கள் வண்டி 1988இல் அறிமுகமான தலைமுறையைச் சேர்ந்தது. அதற்கு ஏணி வடிவச் சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) தனியாக உண்டு, உடல் அதன் மேல் ரப்பர் தாங்கிகளில் அமர்ந்திருக்கிறது. எஞ்சின், ஆக்ஸில், ஸ்பிரிங் ஆகியவற்றின் சுமை முழுவதையும் சேஸே தாங்குவதால், கூரையையும் கதவுகளையும் நீக்கினாலும் வண்டி நடுவில் தொய்ந்துவிடாது. இதே வேலையை லாடா நிவாவிலோ 2005இல் வந்த மூன்றாம் தலைமுறை விட்டாராவிலோ செய்ய முடியாது. அவற்றில் உடலே எலும்புக்கூடு. நிவாவுக்குத் தனிச் சேஸ் கிடையாது. மூன்றாம் தலைமுறை விட்டாராவில் ஏணிச் சட்டம் உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டதுபோல் ஒன்றாக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய வண்டியில் கூரையை வெட்டியவர்கள் மறுநாளே கதவு பொருந்தாமல் திண்டாடுவது வழக்கம். இன்று ‘சிறிய எஸ்யூவி’ என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகைதான் என்பதை, இதைப் படித்துவிட்டுக் கிரைண்டரைக் கையில் எடுக்கும் பிறரும் கவனிக்க வேண்டும்.

ஆகவே வெட்டலாம். ஆனால் உடலில் அவ்வளவு துரு இருக்கும் வண்டியில் சேஸ் மட்டும் புத்தம் புதிதாக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, சேஸை முன்முனை முதல் பின்முனை வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். உள்ளே துரு அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். அங்கே ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள். குறிப்பாகப் பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் நீளக் கைகள் சேஸில் பொருந்தும் தாங்கிகளையும், ஸ்டியரிங் பெட்டியைச் சுற்றிய பகுதியையும், உடல் தாங்கிகளையும் விட்டுவிடாதீர்கள். இந்தச் சோதனை முடியும்வரை ஒரு காசும் செலவழிக்க வேண்டாம்.

இன்னொன்று: வெட்டுவதற்கு முன்னும் பின்னும் வண்டியை எடைமேடையில் ஏற்றி, முன் ஆக்ஸில் எடையையும் பின் ஆக்ஸில் எடையையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்யூவியைப் பகியாக்குவோர் பெரும்பாலும் காணத் தவறுவது இதைத்தான். பின்கதவு, பின் இருக்கை, பின்கூரை, பின்கண்ணாடி, பின்கதவில் தொங்கும் மாற்றுச் சக்கரம் என நீங்கள் கழற்றும் பொருள்களில் பெரும்பகுதி பின்பக்கத்தைச் சேர்ந்தவை. எஞ்சினோ முன்னாலேயே இருக்கிறது. எடுத்துக்காட்டாக, முன்னால் 540 கிலோவும் பின்னால் 460 கிலோவும் உள்ள ஒரு வண்டியில் முன்பக்கம் 40 கிலோவையும் பின்பக்கம் 110 கிலோவையும் குறைத்தால், பின் ஆக்ஸிலின் பங்கு 46 விழுக்காட்டிலிருந்து 41 விழுக்காடாக இறங்கிவிடும். அதன் விளைவாக இறக்கத்தில் பிரேக் போடும்போது பின்சக்கரங்கள் சுழலாமல் எளிதில் பூட்டிக்கொள்ளும். மேடுபள்ளத்தில் பின்பகுதி துள்ளும். பேட்டரியையும் மாற்றுச் சக்கரத்தையும் கருவிப் பெட்டியையும் பின் ஆக்ஸிலுக்கு மேல் தாழ்வாகப் பொருத்தினால், செலவே இல்லாமல் இதில் பாதியை மீட்டுவிடலாம்.

பற்றவைப்பவர்:

நான் வெல்டிங் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். தண்ணீர்க் குழாய் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்: வேண்டாம்.

இதற்குக் காரணம் வீண் பயம் அன்று. முதலாவதாக, அந்தக் குழாயின் ‘ஒன்றரை அங்குலம்’ என்பது அதன் வெளிவிட்டமே அன்று. ஒன்றரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர். நீரைக் கொண்டுசெல்வதற்காகச் செய்யப்படும் குழாய் உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்கினால் போதும். ஒரு டன் வண்டி தலைகீழாக விழும்போது வரும் அடியைத் தாங்குவது அதன் வேலையன்று. இரண்டாவதாக, அதன் மேல் பூசப்பட்டிருக்கும் துத்தநாகம் வெல்டிங் வெப்பத்தில் ஆவியாகிப் புகையாக எழும். அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும்; வெல்டிங்கினுள்ளும் காற்றுக்குமிழ்கள் நின்று இணைப்பு பஞ்சுபோல் ஆகிவிடும். மேற்பூச்சைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்பீர்கள். வெளிப்புறத்தைத் தேய்க்கலாம், உட்புறத்தை எதைக் கொண்டு தேய்ப்பீர்கள்?

பிறகு எந்தக் குழாய் என்றால், சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் (எஃப்.ஐ.ஏ.) மோட்டார் பந்தய விதிகளை அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பந்தயத்துக்குப் போகப் போவதில்லை என்றாலும், விழும்போது தரை அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு 45 மி.மீ. வெளிவிட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள, தையல் இல்லாமல் குளிர்நிலையில் இழுக்கப்பட்ட கார்பன் எஃகுக் குழாய் வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. பின்தாங்கிகள் போன்ற மற்ற உறுப்புகளுக்கு 38 மி.மீ. வெளிவிட்டமும் 2.5 மி.மீ. தடிமனும் போதுமானவை. குழாயைத் தண்ணீர்க் குழாய் வளைக்கும் கருவியில் கொடுத்து வளைக்காதீர்கள். வளைவின் உட்புறம் மடிந்து சுருங்கினால், முதல் அடியில் கேஜ் மடியப் போகும் இடம் அதுவாகத்தான் இருக்கும். வளைக்கும் வசதி உள்ள இடத்தில் முதன்மை வளைவை மட்டும் ஒரே துண்டாக வளைத்து வாங்கிக்கொண்டு, மற்றவற்றை நேர்க்குழாய்களால் நீங்களே அமைத்துக்கொண்டால் செலவு வெகுவாகக் குறையும்.

இனி கேஜை எதன் மேல் நிறுத்துவது என்பது. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். உங்கள் வண்டியில் உடல் ரப்பரின் மேல் ஆடுகிறது, சேஸ் தனியே முறுகுகிறது. கேஜின் ஒரு காலைச் சேஸிலும் மறுகாலைத் தரைத்தகட்டிலும் பற்றவைத்தால், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் சில மாதங்களில் தகடு கிழியத் தொடங்கும். ஒன்று, எல்லாக் கால்களும் தரையில் துளையிட்டு இறங்கிச் சேஸையே பிடிக்க வேண்டும். அல்லது எல்லாக் கால்களும் தரைத்தகட்டில் நின்று, ரப்பர் தாங்கிகளுக்குப் பதிலாக உறுதியான உலோகத் தாங்கிகள் போடப்பட வேண்டும். பகி என்று முடிவு செய்த பிறகு முதலாவது வழியே சிறந்தது என்பது என் கருத்து. உங்கள் தரைத்தகடு எப்படியும் துருப்பிடித்ததுதானே. தகட்டின் மேல் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள எஃகுப் பலகையை வையுங்கள். அதுவும் அதே விதிகளில் உள்ள அளவுதான்.

கேஜை வெறும் நாற்கரங்களாக விட்டுவிடாதீர்கள். நான்கு குழாய்களால் ஆன சட்டம் பக்கவாட்டில் தள்ளினால் சாய்சதுரமாகிப் படுத்துவிடும். ஒரு மூலைவிட்டக் குழாயை இட்டுவிட்டால் அது முக்கோணங்களாகி நிற்கும். கூரையில் ஒன்று, முதன்மை வளைவில் ஒன்று, கதவு இருந்த இடத்தில் விலாவைக் காக்க ஒன்று. கதவை வெட்டிய பிறகு உங்களுக்கும் மரத்துக்கும் நடுவே அந்த ஒற்றைக் குழாய்தான் இருக்கிறது. பக்கத் திறப்புகளில் வலையும் கட்டுங்கள். வண்டி சாயும்போது கையை வெளியே ஊன்றித் தாங்கப் பார்ப்பது மனித இயல்பு, அந்தக் கை பிறகு கேஜுக்கு அடியில் அகப்படும்.

தோள்பட்டை வார்களை இருக்கைக்குப் பின்னால் தரையில் கட்டாதீர்கள். வண்டி மோதும்போது அவை தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை நசுக்கும். தோள் உயரத்தில் கேஜின் குறுக்கே ஒரு குழாயை இட்டு அதில் கட்டுங்கள். வார் பின்னோக்கி 10 பாகைக்குள் சரிவதே நல்லது, 45 பாகையைத் தாண்டவே கூடாது.

வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், எரிபொருள் தொட்டியை வண்டியிலிருந்தே இறக்கி வெகுதூரத்தில் வையுங்கள். ‘தொட்டி காலிதானே’ என்று சொல்வோர் உண்டு. நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டியே ஆபத்தானது, ஏனெனில் அதற்குள் காற்றோடு கலந்து நிற்கும் பெட்ரோல் ஆவி ஒரு தீப்பொறிக்காகவே காத்திருக்கிறது.

சேற்றுவழி:

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். டயரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டியில் வழக்கமாக வரும் 205/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 27 அங்குலம். 31 அங்குலத்துக்குப் போனால் விட்டம் 14 விழுக்காடு கூடும். ஆனால் ஆக்ஸிலுக்கு அடியில் கிடைக்கும் கூடுதல் உயரம் விட்ட வேறுபாட்டில் பாதிதான், அதாவது 5 சென்டிமீட்டர். அந்த 5 சென்டிமீட்டருக்காக, சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசையில் எட்டில் ஒரு பங்கை இழக்கிறீர்கள். லோ கியரில் ஏறக்குறைய 1.8 மடங்கு வேகக் குறைப்பு மட்டுமே உள்ள உங்கள் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு (விசையை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும், லோ கியர் உள்ள பெட்டி) அது பெரிய இழப்பு. போதாக்குறைக்கு, இந்தத் தலைமுறையின் முன் டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்து, திருப்பத்தில் அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) கூடு அலுமினியத்தால் ஆனது. பெரிய டயரை ஒரு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது விரிசல் விடுவது எல்லோரும் அறிந்த கதை. 235/75 ஆர்15 போதும். விட்டம் ஆறரை விழுக்காடுதான் கூடும், டிஃபரென்ஷியலில் பல்லை மாற்ற வேண்டியதில்லை.

உயர்த்தும் பாகங்களை இப்போது வாங்கவே வேண்டாம். கதவும் கூரையும் இருக்கைகளும் போன பிறகு, காயில் ஸ்பிரிங்குகள் தாமாகவே நிமிர்ந்து வண்டியைத் தூக்கிவிடும். அதற்கு மேல் தேவைப்படுகிறதா என்பது அப்போது தெரியும். முன்பக்கச் சக்கரங்கள் தனித்தனியாக அசையும் அமைப்பு என்பதால், அளவுக்கு மீறித் தூக்கினால் முன் ஆக்ஸில் ஷாஃப்டுகளின் இணைப்புகள் கூரிய கோணத்தில் சுழன்று தேயும். பின் ஆக்ஸிலுக்கு மேல், சுமைக்கேற்பப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால், பின்பகுதி உயர்ந்தவுடன் வண்டியில் சுமையே இல்லை என்று அது எண்ணிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். பிரேக் மந்தமாவதற்கு மற்ற எதையும் குறை சொல்லும் முன் அதன் நெம்புகோலைப் பாருங்கள்.

காற்றழுத்தத்தைக் குறைப்பதுதான் இந்த விளையாட்டில் மிக மலிவான மாற்றம். மணலிலும் சேற்றிலும் 15 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயரின் தடம் நீண்டு, பிடிப்பு அதிகமாகும். எடை குறைந்த வண்டிக்கு இது இன்னும் நன்றாகப் பயன்படும். கெட்டித் தரைக்குத் திரும்பியவுடன் மறுபடி காற்றடிக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

எடைக் குறைப்பின் வலிமைக்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. புரூஸ் மேயர்ஸ் 1964இல் உருவாக்கிய மேயர்ஸ் மேங்க்ஸ் என்ற மணல்மேட்டு வண்டிக்கு அடித்தளம் ஃபோக்ஸ்வாகன் பீட்டில்தான். நான்கு சக்கர ஓட்டம் கிடையாது, பெரிய எஞ்சின் கிடையாது. கண்ணாடியிழை உடல், குறைந்த எடை, பின்சக்கரங்களின் மேல் எடையை ஏற்றும் பின்பக்க எஞ்சின் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு, 1967இல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் நடந்த முதல் மெக்சிகன் 1000 பந்தயத்தில் அத்தகைய வண்டி ஒன்று முதலிடம் பிடித்தது. உங்கள் வண்டியில் எஞ்சின் முன்னால் இருக்கிறது என்பதால்தான் ‘அளவுகோல்’ சொன்ன எடைப் பங்கீடு எனக்கும் முக்கியமாகப் படுகிறது.

ஒரு மாற்றுக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். பாறை ஏறுவதே உங்கள் நோக்கம் என்றால், இந்த வண்டியை விற்றுவிட்டு, சுசூகியின் இன்னொரு சிறிய நான்கு சக்கர ஓட்ட வண்டியான சாமுராயைத் தேடுங்கள். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்கும் கெட்டி ஆக்ஸிலும் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு) இருப்பதோடு, ட்ரான்ஸ்ஃபர் கேஸும் கியர்பாக்ஸிலிருந்து பிரிந்து தனியாகத் தொங்குகிறது. அதன் லோ கியர் பல்லை 2.27 மடங்கிலிருந்து 4.16 மடங்குக்கு மாற்றினால், முதல் கியரில் மொத்தக் குறைப்பு ஏறக்குறைய 31 மடங்கிலிருந்து 57 மடங்காகிவிடும். விட்டாராவில் அந்த வசதி அவ்வளவு எளிதன்று.

துருவண்டி:

மூவருக்கும் மிக்க நன்றி. என் வரிசை தலைகீழாக இருந்தது என்பது புரிகிறது. டயர் வாங்கும் எண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். குழாய்கள் தோட்டத்துப் பந்தலுக்குப் போகின்றன. சாமுராய் யோசனைக்கும் நன்றி, ஆனால் எனக்குப் பாறை ஏறும் ஆசை இல்லை. மணலும் சேறும் மேடுகளும் போதும்.

சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். முன்பகுதியும் நடுப்பகுதியும் மணிபோல் ஒலிக்கின்றன. இடப்பக்கப் பின்கைத் தாங்கிக்குச் சற்று மேலே மட்டும் சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. வண்டியைக் கைவிட வேண்டுமா? மேலும், பின் டிஃபரென்ஷியலின் பற்களை வெல்டிங் செய்து பூட்டிவிட்டால் செலவின்றி இரு சக்கரமும் ஒன்றாகச் சுழலும் என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

சேற்றுவழி:

டிஃபரென்ஷியலைப் பற்றி: மணலிலும் சேற்றிலும் மட்டும் ஓடும் வண்டியில் பின்னால் அப்படிச் செய்பவர்கள் உண்டு, வேலையும் செய்யும். ஆனால் கெட்டித் தரையில் திரும்பும்போது உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்தில் சுழல வேண்டியிருப்பதால், டயர் தேயும், வண்டி நேராகவே போகப் பார்க்கும், ஒரு நாள் ஷாஃப்ட் ஒடியும். முன்னால் ஒருபோதும் செய்யாதீர்கள், ஸ்டியரிங்கே திரும்பாது. முதலில் அப்படியே ஓட்டிப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலும்போது பிரேக்கை மெல்ல மிதித்தபடி ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால், மறுசக்கரத்துக்கும் விசை போவதைக் காண்பீர்கள்.

அதற்குப் பதிலாக, இரு ஆக்ஸில்களின் மூச்சுக் குழல்களை (உள்காற்று வந்துபோகும் சிறு குழல்கள்) ரப்பர் குழாய் கொண்டு எஞ்சின் உயரத்துக்கு நீட்டுங்கள். ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல்களின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். டிஃபரென்ஷியல் எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் மாறியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. நீட்டும் செலவு ஒரு முழம் குழாய்க்கு ஆகும் செலவுதான்.

பற்றவைப்பவர்:

கைவிட வேண்டாம். ஓட்டை ஒரே இடத்தில் என்றால் ஒட்டலாம். ஆனால் ஓட்டையின் மேல் ஒரு தகட்டை வைத்துச் சுற்றிலும் பற்றவைத்தால் அது துருவின் மேல் ஒட்டிய சீட்டாகத்தான் இருக்கும். பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஓட்டை உள்ளங்கையிலிருந்து முழங்கை அளவுக்கு வளர்ந்தாலும் மனம் தளராதீர்கள், அதுதான் உண்மையான அளவு. சேஸ் தகட்டின் தடிமனை அளந்து, அதே தடிமனில் அல்லது சற்றே கூடுதலான தடிமனில் ஒட்டுத்தகடு எடுங்கள். அதன் இரு முனைகளையும் நேர்குத்தாக வெட்டாமல் சாய்வாக, பட்டத்தின் முனைபோல் வெட்டுங்கள். சேஸின் குறுக்கே நேர்கோடாக ஒரு வெல்டிங் ஓடினால், பிற்காலத்தில் விரிசலும் அதே கோட்டில்தான் ஓடும். ஒரே மூச்சில் பற்றவைக்காமல், இரண்டு விரல் நீளம் இங்கே, இரண்டு விரல் நீளம் எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் செய்தால் சேஸ் முறுகாது. அந்தப் பக்கமாகப் பிரேக் குழாயோ எரிபொருள் குழாயோ போனால் முதலில் அவற்றைக் கழற்றி ஒதுக்குங்கள். முடிந்தபின் உள்ளே மெழுகுப் பூச்சு செலுத்தி, நீர் வடிய அடியில் ஒரு துளை விடுங்கள்.

தாங்கியையே கழற்றி மறுபடி பொருத்த வேண்டி வந்தால் ஒரு எச்சரிக்கை. இடப்பக்கத் தாங்கி சில மில்லிமீட்டர் விலகி அமர்ந்தாலும் பின் ஆக்ஸில் கோணலாகி, வண்டி நண்டுபோல் பக்கவாட்டில் ஓடும். வெட்டும் முன், வலப்பக்கத்தில் தாங்கியின் துளையிலிருந்து சேஸில் உள்ள ஏதேனும் இரண்டு நிலையான துளைகள் வரையிலான தூரங்களையும், இடப்பக்கத் துளைக்குக் குறுக்காக உள்ள மூலைவிட்டத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சேஸின் மேலேயே சாக்பீஸால் எழுதாதீர்கள். அடுத்த பத்து நிமிடத்தில் உங்கள் கிரைண்டரே அதை அழித்துவிடும்.